மாடித் தோட்டம்: கேள்வி-பதில்

பூசணிக் கொடி பூவாய்ப் பூக்கிறது, ஒரு காய் இல்லை. விதை விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, கரூர்)

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், பெண் வீட்டார் இன்னும் வரவில்லை! பூசணியில் ஆண் பூதான் முந்தும். பூவுக்கு அடியில் குட்டிக் காயோடு வருவது பெண் பூ. அது வந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால், தேனீ வரவில்லை என்று பொருள். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். சுரையும் பீர்க்கனும் நேர்மாறு, சாயங்காலம்தான் பூக்கும்.

பங்குனி பிறந்ததும் தக்காளிப் பூ உதிர்கிறதே, கண் திருஷ்டியா? (வாசகர், சேலம்)

வெயில் திருஷ்டி! 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்துவிடும். நிழல்வலை கட்டுங்கள். புதிதாக விதைப்பதென்றால் வெண்டை, கொத்தவரை போடுங்கள்.

உச்சி வெயிலில் செடி வாடுகிறது. உடனே தண்ணீர் ஊற்றலாமா? (வாசகி, மதுரை)

மாடியில் கிடக்கும் டியூபில் முதலில் வரும் தண்ணீரில் உங்கள் கையை வைப்பீர்களா? செடிக்கு மட்டும் ஏன்? காலையிலேயே ஊற்றி, மண்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்புங்கள். மதியம் தொங்கும் இலை பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் பயமில்லை.

கத்தரிச் செடி கிழடாகிவிட்டது, பிடுங்கவா? (வாசகர், தேனி)

பிடுங்காதீர்கள், வெட்டுங்கள். ஒரு முழம் விட்டுக் கவாத்து செய்து மண்புழு உரம் போட்டால், மறுபடி தளிர்த்துக் காய்க்கும்.