பட்டையில் ஊற்றிய பர்கண்டி

எங்கள் பிரெஞ்சு பையருக்கு ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மெயில் எழுதக் கை வராது. அங்கே பாதி நாடு கடையைச் சாத்திவிட்டு லீவுக்குக் கிளம்பும் மாதம் அது. போன மாசியில் பனியன் சாம்பிள் பார்க்கத் திருப்பூர் ராயபுரம் வந்தவர், டீ ஆறி ஆடை கட்டும்வரை அந்த லீவுக் கதையைத்தான் சொன்னார். பர்கண்டியில் போன் என்று ஓர் ஊர். (அவர் ‘போன்’ என்றதும் நான் என் செல்லை எடுத்துப் பார்த்தேன்.) சனிக்கிழமை காலை அங்கே சந்தை. பாலாடைக்கட்டியைக் கிள்ளித் தின்று பார்த்து வாங்குவாராம். பிறகு திராட்சைத் தோட்டத்தில் கிளாஸைச் சுழற்றி, மோந்து பார்த்து, ஒயின் குடிப்பாராம். ஒரே ரகத் திராட்சைதான். வேலிக்கு இந்தப் பக்கம் விளைந்தால் ஒரு பேர், அந்தப் பக்கம் வேறு பேர், வேறு விலை. பதிலுக்கு ஊத்துக்குளி வெண்ணெயைச் சொல்லி மானத்தைக் காப்பாற்ற எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் வந்து பெருமூச்சு விட்டேன்.

“ஏனுங்க, குண்டடத்துலயுந்தான் சனிக்கிழமை சந்தை. எங்கப்பன் ஆடு வாங்க அங்கதான் போவாரு. ஒரு நாளாச்சும் வந்திருக்கீங்களா?” என்றாள் மனைவி.

சனிக்கிழமை சம்பள நாள் என்பது என் நிரந்தரச் சாக்கு. “சம்பளம் சாயங்காலந்தானுங்க” என்று அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, விடியுமுன் பல்லடம் தாண்டினோம். பையர் மாதிரியே தொப்பி போட்டிருந்தேன். ஆடுகளுக்கு நடுவே நான் நின்ற தோரணையைப் பார்த்து ஒருவர், “கால்நடை டாக்டருங்களா?” என்று கேட்டார். தொழில் புத்தி விடுமா? கத்தரிக்காய்க் குவியலில் நாலைத் தனியே எடுத்துத் திருப்பித் திருப்பி டேமேஜ் தேடினேன். தக்காளி விற்ற ஆத்தாவிடம், கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைத்தால் வாராவாரம் உங்களிடமே எடுப்பேன் என்றேன்.

“கட்டாதுங்க சாமி. வெச்சுட்டுப் போங்க.”

பதினெட்டு வருஷமாக பனியன் ஏற்றுமதி செய்கிறேன். அந்த வார்த்தை ஒருமுறைகூட என் வாயில் வந்ததில்லை.

திரும்பும் வழியில் ரோட்டோரம் தெளுவு, அதான் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். சுழற்றினேன். பாதி வேட்டியில் போயிற்று. மீதியை மோந்து பார்த்து, “நல்ல மண்வாசம்” என்றேன்.

“அது சுண்ணாம்புங்கண்ணா.”

கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சில மணி நேரத்தில் தெளுவைக் கள்ளாக்கிவிடும். பர்கண்டியில் திராட்சைச் சாற்றுக்குள் நடப்பதும் இதே சங்கதிதான். அங்கே அதற்கு மெடல் குத்துகிறார்கள்; தமிழ்நாட்டில் 1987 முதல் கேஸ். எனக்கும் ஒயினுக்கும் நடுவே நின்றது ஒரு கை சுண்ணாம்பு.

விடாமல், “எந்த வருசத்துதுங்க?” என்று கேட்டேன். மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“விடியால எறக்குனதுங்க. வருசக்கணக்கா வெச்சா போலீஸ்தான் வந்து குடிக்கோணும்.”

சாயங்காலம் சம்பளம் போட்டுவிட்டு மெயிலைத் திறந்தேன். பையர். பீஸுக்கு அஞ்சு சென்ட் குறைக்க வேண்டுமாம். ‘கட்டாதுங்க சாமி’க்கு இங்கிலீஷ் தேடிப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘ஓகே’ என்று அடித்து அனுப்பினேன்.

தக்காளியும் ஆத்தா சொன்ன விலைக்குத்தான் வாங்கி வந்திருந்தோம்.