மோல்டி ஃபிக் ரசிகர் மன்றம்

என் பாட்டுப் பட்டியலைக் கொஞ்ச நேரம் கேட்ட அண்ணன் மகள், "சித்தப்பா, எல்லாமே ஒரே மோல்டியா இருக்கு" என்றாள். எம்.எஸ்.வி., கே.வி.மகாதேவன், நடுவில் ஒரு ஜி.ராமநாதன். அவள் இங்கிலீஷ் மீடியம். நான் அகராதி மீடியம். புரட்டினேன்.

ரொட்டியில் பச்சையாகப் பூத்திருந்தால் மோல்டி. மழைக்காலத்தில் தோல் செருப்பில் வெள்ளை படர்ந்தாலும் அதேதான். வாடை மட்டும் வருகிறது, ஆளைக் காணோம் என்றால் மஸ்டி. பீரோவுக்குள் கிடக்கும் கல்யாணப் பட்டுவேட்டி மஸ்டி. எடுத்து உதறும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிட்டால் மோல்டியாகப் பதவி உயர்வு. காலாவதியான சங்கதிக்கும் இதே பட்டம்தான். நான் இந்தக் கடைசி ரகம்.

துணைக்கு ஆள் தேடினேன். அமெரிக்காவில் ஒரு கூட்டமே இருந்திருக்கிறது. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் பீபாப் என்று புதுவகை ஜாஸ் வாசிக்க, பழைய நியூ ஆர்லியன்ஸ் வாசிப்புதான் ஜாஸ், மற்றதெல்லாம் சத்தம் என்று சிலர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். புதுக்கட்சிக்காரர்கள் அவர்களை 'மோல்டி ஃபிக்' என்றார்கள். பூசணம் பிடித்த அத்திப்பழம்!

அத்திப்பழங்கள் சும்மா பழம்பெருமை பேசிக்கொண்டிருக்கவில்லை. பங்க் ஜான்சன் என்ற பழைய ட்ரம்பெட்காரர் லூசியானாவில் ஒரு சிற்றூரில் ஒதுங்கிக் கிடந்தார். தேடிப் பிடித்தார்கள். வாயில் பல் இல்லை. பல் இல்லாமல் ட்ரம்பெட் ஊதுவது ஆகிற காரியமா? காசு திரட்டிப் பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். 1942-ல் ரிக்கார்டே கொடுத்துவிட்டார் மனிதர். நம்மூர் ரசிகர் மன்றங்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியதுண்டு. பல் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மோல்டி என்ற பட்டத்தைக் கௌரவமாகச் சுமந்தவரும் உண்டு. 1943-ல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில், பெனிசிலின் நிறையச் சுரக்கும் பூஞ்சையைத் தேடிக்கொண்டிருந்த அரசு ஆய்வகத்துக்கு அது கிடைத்தது கடைவீதியிலிருந்து வந்த ஒரு முலாம்பழத்தில். பழத்தைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் மேரி ஹன்ட்டுக்கு 'மோல்டி மேரி' என்றே பெயர் நிலைத்தது. பூஞ்சையை வழித்துக்கொண்டு மிச்சப் பழத்தை ஆய்வகத்தாரே வெட்டிச் சாப்பிட்டுவிட்டார்களாம்.

அதைப் பார்த்து நீங்கள் துணிந்துவிடாதீர்கள். ரொட்டியில் ஒரு புள்ளி வெளியே தெரிந்தால் உள்ளே இழை ஓடியிருக்கும். பிய்த்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று கணக்குப் பார்க்காமல், பாக்கெட்டோடு குப்பையில் போடுங்கள்.