குதிரைக்கு ஒரு நேம் போர்டு

கனடாவில் சஸ்காட்சுவான் என்று ஒரு மாகாணம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்; அதைத் தாண்டிப் போனால், மேலும் புல். குளிர்காலத்தில் மைனஸ் முப்பதெல்லாம் அங்கே ஒரு செய்தியே இல்லை. 1882-ல் இந்தப் பொட்டல்வெளியைப் பார்த்த ஒருவருக்கு, இங்கே குட்டி இங்கிலாந்து ஒன்றை வளர்த்துவிடலாம் என்று தோன்றியது. பலே!

அந்த மகானுபாவர் கேப்டன் எட்வர்ட் மிஷெல் பியர்ஸ். ஊருக்கு அவர் சூட்டிய பெயர் கேனிங்டன் மேனர். மேனர் என்றால் ஜமீன் பங்களா மாதிரி. பக்கத்து ரயில் நிலையமான மூசோமினுக்கு சுமார் 65 கிலோமீட்டர். ஜமீன் ரெடி, போய்ச் சேரத்தான் வழியில்லை!

கேப்டனிடம் ஒரு சூப்பர் ஐடியா இருந்தது. இங்கிலாந்துப் பணக்காரர்களே, உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். விவசாயம் கற்றுத் தருகிறேன், ஃபீஸ் வருஷத்துக்கு 100 பவுண்ட் என்றார். நம்மூர் கோச்சிங் சென்டர்காரர்கள் இவர் படத்துக்கு மாலை போடலாம். சம்பளம் கொடுத்துப் பண்ணையாள் வைக்கும் உலகத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டு பண்ணையாள் வைத்தவர் நம் கேப்டன்!

பிள்ளைகள் வந்தார்கள், கிரிக்கெட் மட்டையோடு. அப்புறம் டென்னிஸ், குதிரைப் பந்தயம், வேட்டை, டான்ஸ். நடுவில் நேரம் கிடைத்தால் உழவு. பாவம், எங்கே கிடைக்கும்?

இவர்களில் பெக்டன் சகோதரர்கள் மூன்று பேர். மான்செஸ்டர் தாத்தாவின் சொத்து கைக்கு வந்ததும், டிட்ஸ்பரி என்று ஒரு கல் மாளிகையை எழுப்பினார்கள். மாளிகையை விடுங்கள், லாயத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு குதிரைக்கும் மஹாகனி மரத்தில் தடுப்பு, அதன்மேல் பித்தளையில் பெயர்ப்பலகை. அக்கம்பக்கத்துக் குடியானவன் மரக்கட்டை வீட்டுக்குள் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, குதிரை சொந்த கேபினில் இருந்தது. அதில் எழுதியிருப்பது தன் பெயர் என்பது மட்டும் கடைசிவரை குதிரைக்குத் தெரியாது.

சரி, ஊரை யார் ஓட்டியது? மாவு மில்காரர், கொல்லர், தச்சர், கடைக்காரர், இன்னும் மெய்யாகவே உழுதுகொண்டிருந்த சிலர். பந்தயத்தில் யார் ஜெயித்தாலும் இரவு ரொட்டி வேண்டும் அல்லவா? துரைமார்கள் ஊருக்கு மெருகு போட்டார்கள். மற்றவர்கள் சோறு போட்டார்கள்.

எல்லோரும் ஒற்றுமையாகச் செய்த ஒரு காரியம் உண்டு: ரயிலுக்காகக் காத்திருந்தது. ரயில் வந்தால் ஊர் எங்கேயோ போய்விடும் என்று நம்பினார்கள். 1900 வாக்கில் ரயில் வந்தது, சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே! நம்பிக்கை வீண்போகவில்லை. ஊர் எங்கேயோ போய்விட்டது. தண்டவாளத்தின் ஓரம் முளைத்த புது ஊர், பழைய பெயரில் பாதியையும் எடுத்துக்கொண்டது: மேனர்.

பெக்டன்கள் அதற்கு முன்பே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்கள். இன்று அந்த இடம் மாகாண அரசின் வரலாற்றுப் பூங்கா. பித்தளையும் மஹாகனியும் போன இடம் தெரியவில்லை. ஊரார் 1884-ல் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஆல் செயின்ட்ஸ் தேவாலயமோ குளிருக்கு அசராமல் நிற்கிறது.

அதன் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார் 1888-ல் இறந்த கேப்டன். கிண்டல் செய்தது போதும், இதை ஒப்புக்கொள்வோம்: ஊரைவிட்டுப் போகாத ஜென்டில்மேன் அவர்தான்.