வெட்டுவது வேறு, அரைப்பது வேறு

கேள்வி: வீட்டில் மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. ஃபுட் பிராசஸர் வேறு எதற்கு?
*வாசகி, ஈரோடு*

மிக்ஸி அரைக்கும், கிரைண்டர் ஆட்டும். ஃபுட் பிராசஸர் நறுக்கும், சீவும், துருவும், மாவு பிசையும். காலையில் சட்னி அரைக்க ஐந்து நிமிடம் போதும். கோஸ் நறுக்கி, கேரட் துருவி, வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள்தான் பள்ளி வேன் வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த வேலையைச் செய்ய வந்த இயந்திரம் இது.

கேள்வி: இது யார் கண்டுபிடித்தது?
*வாசகர், திருச்சி*

பிரான்சில் ஓட்டல்களுக்குப் பொருள் விற்றுவந்த பியர் வெர்துன். சமையல்கட்டில் நறுக்குவதிலேயே பாதிப் பொழுது போவதைப் பார்த்து, முதலில் ஓட்டல்களுக்கு ஒரு இயந்திரம் செய்தார். 1971-ல் வீட்டுக்கு ஏற்ற சின்ன வடிவம் வந்தது. 1973-ல் கார்ல் சோன்ட்ஹைமர் அதை மேம்படுத்தி அமெரிக்காவில் அறிமுகம் செய்தார். ஆட்டுக்கல்லில் அவதிப்பட்ட நமக்கு 1955-லேயே கோவை சபாபதி கிரைண்டர் கொடுத்துவிட்டார். அவரவர் ஊரில் எது முதுகை ஒடித்ததோ, அதற்குத்தான் முதலில் மோட்டார் வந்திருக்கிறது.

கேள்வி: வெங்காயம் போட்டால் கூழாகிவிடுகிறது. என்ன தப்பு?
*வாசகி, மதுரை*

பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் தப்பு. வெங்காயத்தை நாலாக வெட்டுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள். ‘பல்ஸ்’ பொத்தானை ஒரு நொடி அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். ஐந்தாறு தடவையில் ஆம்லெட்டுக்கு ஏற்ற பதம் வந்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் பிளேடு வெட்டுவதை விட்டு நசுக்க ஆரம்பிக்கும். நீர் கக்கும், கசப்பும் ஏறும். அதை எண்ணெயில் போட்டால் வதங்காது, வேகும். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். இத்தனை நேரம் உள்ளே அடைபட்டிருந்த நெடி முதலில் உங்கள் கண்ணைத்தான் தேடும்.

கேள்வி: சின்ன வெங்காயம் உரித்துத் தருமா?
*வாசகி, திண்டுக்கல்*

தராது. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, டி.வி. பார்ப்பவர்களிடம் கொடுங்கள். சுலபமாக உரியும்.

கேள்வி: இட்லிக்கு உளுந்து அரைக்கலாமா?
*வாசகர், சேலம்*

வேண்டாம். கிரைண்டரில் கல் மெதுவாகச் சுற்றி உளுந்தை நசுக்கி, காற்றையும் சேர்த்து ஆட்டுகிறது. அதனால்தான் மாவு சூடேறாமல் பொங்கிப் பந்தாகத் திரள்கிறது. பிளேடுக்கு அந்த வித்தை கிடையாது. ஆனால் மசால் வடைக்கு இதே இயந்திரம் அருமை. ஊறிய கடலைப்பருப்பை நன்றாக வடித்து, ஒரு கைப்பிடி தனியே எடுத்து வையுங்கள். மீதியைப் பல்ஸில் கொரகொரப்பாக ஓட்டி, எடுத்து வைத்ததை முழுசாகக் கலந்து தட்டுங்கள். பருப்பு உசிலிக்கும் இதே பதம்தான்.

கேள்வி: தேங்காய் துருவுவதுதான் எனக்குப் பெரிய பாடு.
*வாசகி, நாகர்கோவில்*

உங்கள் ஊர்ச் சமையலில் தேங்காய்க்கு லீவே கிடையாதே! ஓட்டிலிருந்து பெயர்த்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, தண்ணீர் விடாமல் பிளேடில் ஓட்டுங்கள். பொரியலுக்கும் அவியலுக்கும் போதுமான பூ கிடைக்கும். பின்பக்கத் தோலைச் சீவிவிட்டால் நிறமும் வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று காயை ஒன்றாகத் துருவி, சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். அன்றாடம் ஒரு டப்பா எடுத்தால் போதும்.

கேள்வி: சப்பாத்தி மாவு கல்லாகிவிடுகிறது.
*வாசகி, ஓசூர்*

மாவும் உப்பும் முதலில், தண்ணீர் பிறகு. மாவு பிசையும் பிளேடைப் போட்டு ஓடவிட்டு, மூடியின் துளை வழியே தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். இரண்டு கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப்பில் ஆரம்பித்து, தேவைக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே உருண்டையாகச் சேர்ந்து சுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் மாவு சூடாகி இறுகும். ஈரத்துணி மூடி இருபது நிமிடம் விட்டால் தானாக இளகும்.

கேள்வி: பூரி மசாலாவுக்கு உருளைக்கிழங்கு மசிக்கலாமா?
*வாசகர், வேலூர்*

கூடாது. வேகமாகச் சுற்றும் பிளேடு வெந்த கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தை உடைத்து வெளியே கொண்டுவந்துவிடும். கிடைப்பது பசை. கையால் மசியுங்கள்.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமா?
*வாசகர், தஞ்சாவூர்*

750 வாட் மோட்டார் தொடர்ந்து 80 நிமிடம் ஓடினால்தான் ஒரு யூனிட். உங்கள் வீட்டுக் காய் முழுவதையும் நறுக்க ஐந்து நிமிடம் ஆகுமா? பயப்படாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: நடுவில் நின்றுவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?
*வாசகி, காஞ்சிபுரம்*

முதலில் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். பூட்டாவிட்டால் பல இயந்திரங்கள் ஓடாது. அது உங்கள் விரலுக்கான பாதுகாப்பு. அடுத்து, பாரம் அதிகமாகி மோட்டார் சூடேறியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பாதிக் காயை வெளியே எடுத்து, ஆறவிடுங்கள். அடியிலோ பின்னாலோ ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: நறுக்குவதைவிடக் கழுவுவதற்கு நேரம் ஆகிறதே?
*வாசகி, சென்னை*

நாலு பீன்ஸ், ஒரு தக்காளிக்கு இதை எடுத்தால் அப்படித்தான். அதற்குக் கத்தி போதும். வேலை அதிகமுள்ள நாளில் வரிசை போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் தேங்காய், அடுத்து கேரட், கோஸ், கடைசியில் வெங்காயம். இடையில் ஒரு அலசு, முடிவில் ஒரே கழுவல். பிளேடை மட்டும் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் மற்ற பாத்திரங்களோடு போடாதீர்கள். தெரியாமல் துழாவும் கைக்கு ஆபத்து. மஞ்சள் கறையா? கழுவி வெயிலில் காயவையுங்கள், மங்கிவிடும்.

கேள்வி: “மெஷின்ல நறுக்கினா கைப்பக்குவம் போயிடும்” என்கிறார் என் மாமியார்.
*வாசகி, கும்பகோணம்*

அத்தை சொல்வதில் பாதி உண்மை. அவியலுக்குக் காய் ஒரே நீளத்தில் நறுக்கவும், வாழைப்பூவில் நரம்பு எடுக்கவும் கைதான் வேண்டும். கீரையை ஈரத்தோடு போட்டால் இயந்திரம் சகதியாக்கிவிடும். ஆனால் பக்குவம் என்பது தாளிக்கும் நேரத்திலும், உப்பின் அளவிலும், அடுப்பின் தணலிலும் இருக்கிறது. அதை அத்தையிடம் கற்றுக்கொள்ளுங்கள். கோஸை இயந்திரத்திடம் கொடுங்கள்.

கேள்வி: கடைசியாக, வாங்கலாமா வேண்டாமா?
*வாசகர், கோவை*

இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நல்ல கத்தியும் துருவியும் போதும். நாலு பேருக்கு மேல், தினமும் பொரியலும் சப்பாத்தியும் உண்டென்றால் வாங்கலாம். அதற்குமுன், உங்கள் மிக்ஸிக்கே பொருந்தும் நறுக்கும் ஜார் தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கிடைத்தால் செலவு குறையும். வாங்கியதைப் பரணில் ஏற்றாமல் மேடையில் வையுங்கள். இன்னொன்றும் முக்கியம்: அதை ஓட்டவும் கழுவவும் வீட்டில் எல்லோரும் பழகுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக் காய் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும், ஐயா.