காய்ச்சல் வராததற்கு அபராதம்

அன்புள்ள அத்தானுக்கு,

"அங்க போய் ஒரு நாள்கூட காய்ச்சல்னு படுக்காதவன்கிட்ட எதுக்குல அபராதம் வாங்குதான்?"னு போன்ல கேட்டிய. அக்கா பக்கத்துல நின்னதால விவரமாச் சொல்ல முடியல.

இந்தக் கலிபோர்னியாவுல குடியிருக்கிற எவனும் வருஷம் முழுக்க மருத்துவக் காப்பீடு வச்சிருக்கணும். இல்லைன்னா வருமான வரியோட அபராதத்தையும் சேர்த்துக் கட்டணும். ஒபாமா 2010-ல போட்ட சட்டம், அபராதம் 2014-லருந்து. டிரம்ப் 2017-ல கையெழுத்துப் போட்டு, 2019-லருந்து அதைப் பூஜ்யமாக்கிட்டாரு. கலிபோர்னியா சும்மா இருக்குமா? 2020-லருந்து தனக்குன்னு ஒண்ணு வச்சுக்கிட்டு. 2023 கணக்குப்படி ஆளுக்குக் குறைஞ்சது 900 டாலர், பிள்ளைக்கு 450. இல்லைன்னா ஒரு வரம்புக்கு மேல உள்ள வருமானத்துல இரண்டரை சதவீதம். ரெண்டுல எது பெருசோ அது. கட்டினா ஒரு மாத்திரையாவது தருவானான்னு அக்கா கேப்பா. தரமாட்டான்.

விலக்கு கேக்க ஒரு பாரம் உண்டு. ராத்திரி உக்காந்து வாசிச்சேன். ஜெயில்ல இருந்தா அபராதம் கிடையாதாம். அடடான்னு அடுத்த வரிக்குப் போனா, விசாரணைக் கைதி செல்லாது; தீர்ப்பாகி உள்ள போயிருக்கணும். நம்ம ஊர் கோர்ட்டா இருந்தா அதுக்குள்ள நான் பேரன் எடுத்திருவேன். மாசத்துல ஒரே ஒரு நாள் காப்பீடு இருந்தாலும் அந்த மாசம் பூரா இருந்ததாக் கணக்காம். ஜெயிலுக்கும் அதே கணக்குன்னா, மாசம் ஒரு ராத்திரி போய்ப் படுத்துட்டு வந்திரலாம். சோறும் உண்டு, டாக்டரும் உண்டு. என் வீட்டுக்காரி சம்மதிக்கல.

மூணு மாசம் வரைக்கும் விட்டுப்போனா மன்னிப்பு உண்டு. காப்பீடு தராத என் கான்ட்ராக்ட் வேலை அதைத் தாண்டி இழுத்துட்டு. 2023 கணக்குப்படி காப்பீட்டு விலை வருமானத்துல எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல போனா, ஏழைன்னு விட்டிருவான். எனக்கு ஏழே முக்கால்ல நின்னுட்டு. என்னைப் பணக்காரன்னு ஒரு அரசாங்கம் எழுத்துல ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவை. ஊர்ல நாலு பேருக்குச் சொல்லுங்க.

வேடிக்கை போகட்டும் அத்தான். காப்பீடு வச்சிருக்கவனே இங்க ஆம்புலன்ஸ் கூப்பிடப் பயப்படுதான். கீழ விழுந்தவன் காலைத் தடவாம பர்ஸைத் தடவுதான்.

நம்ம ஊர்க் காப்பீடு வேற மாதிரி. அங்க நான் டைபாய்டுல கிடந்தப்போ அம்மா முத்தாரம்மனுக்கு நேர்ந்தா. எந்திரிச்சு நடந்த பொறவு, தசராவுக்குக் குறவன் வேஷம் கட்டி, உடன்குடி வரைக்கும் காணிக்கை எடுத்து உண்டியல்ல போட்டேன். பிழைச்ச பொறவுதான் பிரீமியம். நேராதவன் மேல எந்த வருஷமாவது அம்மன் அபராதம் போட்டிருக்காளா?

உங்க பீரோவுல கிடக்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, அதைப் பத்திரமா வைங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியம், பிரீமியம் அரசாங்கம் கட்டுது. ரேஷன் கார்டுக்கு உறை போட்ட அக்கா இதுக்கும் ஒண்ணு போடட்டும்.

ஒரு காரியம். இங்க பல்லும் கண்ணும் உடம்புல சேர்த்தி இல்லை. பெரியவங்களுக்கு அதுக்குத் தனித்தனிக் காப்பீடு. எனக்குக் கடவாய்ப் பல் ஆடுது. தசராவுக்கு டிக்கெட் போட்டாச்சு. திருச்செந்தூர்ல நல்ல பல் டாக்டரா ஒருத்தர்கிட்டச் சொல்லி வைங்க. உடன்குடிக் கருப்பட்டியைப் பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னால தின்னணுமா, பொறவா? அதையும் கேட்டு வைங்க.

இப்படிக்கு,
அபராதம் கட்டும் அளவுக்கு வசதியான
உங்க மச்சினன்