இணைப்பு மொழி

எங்கள் கனமூலையில் இங்கிலீஷ் தெரியாத ஆள் கிடையாது. களப்பில் வலை இழுக்கிற நானாவுக்கும் 'டிடென்ஷன் ஓடர்' தெரியும். தேங்காய் உரிக்கிற காக்காவுக்கும் 'எக்ஸ்ட்ரீமிஸ்ட்' தெரியும். எந்த ரியூஷனில் படித்தீர்கள் என்று கேட்காதீர்கள். ரியூஷன் மாஸ்டர் ஜீப்பில் வந்தார்.

1987 இல் இலங்கை அரசியலமைப்பைத் திருத்தித் தமிழையும் அரசகரும மொழி என்றார்கள், இங்கிலீஷை இணைப்பு மொழி என்றார்கள். எதை எதோடு இணைக்கும் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை. கையை விலங்கோடு.

பக்கத்து மதுரங்குளியில் தமிழ் படிப்பித்தவர் அஹ்னாப் ஜஸீம். 2017 இல் 'நவரசம்' என்று ஒரு கவிதைப் புத்தகம் போட்டார். 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். ஒன்பது ரசத்தையும் ருசி பார்த்தவர்களின் நாக்கில் ஒட்டியது ஒரே ரசம்: எக்ஸ்ட்ரீமிசம். வன்முறையைச் சாடுகிற கவிதைகள் அந்தப் புத்தகத்திலேயே கிடக்கின்றன. அதைக் கண்டுகொள்ள ஒரு சின்னத் தகுதி வேண்டும், தமிழ் வாசிக்கத் தெரிய வேண்டும். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் குற்றமில்லை என்று விடுவித்தது. ஓ.எல். பிள்ளை ஒரு பின்னேரத்தில் முடிக்கிற புத்தகம். அரசாங்கத்துக்கு மூன்றரை வருஷம் பிடித்தது. வாசிக்கப் பிந்தியது அவர்கள், மறியலில் கிடந்தது அவர்.

அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'டெம்பரரி' என்ற சொல் இருக்கிறது. 1979 இல் மூன்று வருஷத்துக்கென்று வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. டெம்பரரி என்று சொல்லி வீட்டுக்குள் வந்த விருந்தாளி நாங்கள் பெற்ற பிள்ளைகளைவிட மூத்துவிட்டான்.

பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ 'டிஸ்ஹார்மனி' உண்டாக்கக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். சரி, வாயையும் பேனையையும் மூடிவிட்டோம். 2019 மே மாதம், ஈஸ்டர் ஞாயிறு கொலைகாரர்களை நாங்களும் சபித்து அழுதுகொண்டிருந்த நாளில், ஹசலகவில் ஒரு பெண்ணின் சட்டை பேசிவிட்டது. அதில் இருந்தது கப்பல் சுக்கான், பொலிஸ் கண்டது தர்மசக்கரம். பிடித்தது எந்தச் சட்டத்தில் என்கிறீர்கள்? 2007 இல் மனித உரிமைக்கென்று கொண்டுவந்த ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில்! 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரையும் ஒரு சிறுகதைக்காக அதே சட்டம் உள்ளே தள்ளியது. கற்பனைக்கு விளக்கமறியல்.

2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களான எங்களுக்கு எதிராக மைக் பிடித்துக் கத்தினார்கள். கத்திய வாய் காயுமுன் எங்கள் ஆட்களின் வீடும் கடையும் எரிந்தன, உயிர்களும் போயின. அன்றைக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் இருந்தது. அந்த மைக்கைத் தொடுவதற்கு அதற்குக் கை இருக்கவில்லை. தையல்காரனின் சுக்கான் டிஸ்ஹார்மனி, தீப்பந்தம் ஹார்மனி.

2024 இல் 'ஒன்லைன் சேப்டி' என்று இன்னொன்று வந்தது. யாருடைய சேப்டி என்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்வியே 'ப்ரொஹிபிட்டட் ஸ்டேட்மென்ட்' ஆகிவிடலாம்.

இப்போது எங்கள் ஊரில் உம்மாமார் பிள்ளைக்கு அறிவுரை சொல்வதும் இங்கிலீஷில்தான்: "மவன், சென்சிட்டிவ், கதைக்காதே." பயம் என்று தமிழில் சொன்னால் வெட்கமாக இருக்குமே, அதற்குத்தான் அந்தச் சொல்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணினார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இதில் அச்சத்துக்கு மட்டும் எங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. அதை அரசாங்கமே வீடு வீடாகக் கொண்டுவந்து தந்தது. அழுகையை நாங்களே சேர்த்துக்கொண்டோம். நகை உள்ளதா என்று தேடவந்தால், மேலே எழுதியதைக் காட்டிச் சமாளிப்பேன்.

இந்தக் கடைசி வரி மட்டும் வெகுளி. மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஐயா. இந்த முறை தமிழ் தெரிந்தவராகப் பார்த்து.