பாக்கெட் மகாத்மியம்

இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டு, சென்னைப் புறநகரில் ஒரு குடும்பம் மூன்று வேளையும் எதையோ சாப்பிட்டு நடமாடுகிறது என்றால், அந்தப் புகழ் முழுவதும் பாக்கெட்டுக்கே சேரவேண்டும். கைமணம், பக்குவம், அஞ்சறைப்பெட்டி என்று பழம்பெருமை பேசுகிறவர்களுக்கு நன்றியுணர்வு போதாது. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்கள் சூப்பர் மார்க்கெட் பக்கம் வரட்டும். டிராலியும் டிராலியும் இடித்துக்கொள்ளும் அந்தப் பக்திப் பெருக்கைப் பார்த்தால் மனம் மாறிவிடுவார்கள்.

முன்பெல்லாம் மளிகை வாங்குவது எவ்வளவு தொல்லை! து.பருப்பு 1 கிலோ, உ.பருப்பு ½, கடுகு 100 என்று சீட்டு எழுதி அண்ணாச்சியிடம் நீட்டவேண்டும். அவர் பேசாமல் கட்டிக் கொடுப்பாரா? மாட்டார். “இந்தப் பருப்பு வேக மாட்டேங்குதும்மா. வியாழக்கிழமை புது மூட்டை வருது. அதுவரைக்கும் அரைக் கிலோ போதும்” என்று நம் வீட்டு உலைக்குள்ளேயே தலையை விடுவார். பிஸ்கட் கேட்டு அழுகிற பிள்ளையின் கையில் நாலு பொட்டுக்கடலையும் ஒரு சில்லு வெல்லமும் திணித்து, தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்வார். கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் போடுவார். கையில் காசில்லை என்றால் நோட்டில் எழுதிக்கொள்ளும் கெட்ட பழக்கம் வேறு. இப்படிப்பட்ட மனிதரிடம் தனிமனித சுதந்திரம் எப்படித் தழைக்கும்?

சூப்பர் மார்க்கெட்டில் அந்தத் தலையீடு கிடையாது. நாம் எதை எடுத்தாலும், எவ்வளவு எடுத்தாலும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கறிவேப்பிலைக்கும் பார்கோடு வந்து, அதற்கும் சமுதாயத்தில் ஒரு மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

கடையின் அமைப்பிலேயே எத்தனை கருணை பாருங்கள். அரிசி, பருப்பு, பால், தயிர் எல்லாம் கடைசிக் கோடியில் இருக்கும். நாம் நடப்பதில்லை, அதனால்தான் சர்க்கரை நோய் வருகிறது என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதற்காகவே நம்மைக் கடை முழுவதும் நடக்கவைக்கிறார்கள். நடக்கும்போது களைப்பாக இருக்குமே என்று வழிநெடுகச் சர்க்கரையையும் அடுக்கிவைத்திருக்கிறார்கள். நடுத்தட்டு நமக்கு, கீழ்த்தட்டு குழந்தைகளுக்கு. மூன்று வயதுப் பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கக்கூடாது என்று, கார்ட்டூன் படம் போட்ட டப்பாக்களை அதன் கண்மட்டத்திலேயே வைப்பார்கள். இந்த நல்ல இடங்களுக்காகக் கம்பெனிகள் கடைக்காரர்களுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதும் உண்டு. பிள்ளைகளின் கழுத்துக்காக இவ்வளவு செலவழிக்கிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? பில் போடும் வரிசையில் நிற்கும்போது மட்டும் சாக்லேட் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். அங்கே நாமும் நகர முடியாது, பிள்ளையும் விடாது. “மொபைல் நம்பர் சொல்லுங்க மேடம்” என்று பில் போடும் பெண் கேட்பாள். நம்பரை வற்புறுத்திக் கேட்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுரை சொன்னதுதான். ஆனால் நம்மை விசாரிக்க இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? சொல்லிவிடுவேன்.

இனி பாக்கெட்டின் பெருமைக்கு வருகிறேன். அதன் முன்பக்கத்தைக் கவிஞன் எழுதுகிறான், பின்பக்கத்தை வக்கீல் எழுதுகிறான். முன்பக்கத்தில் பச்சை வயல், கதிர் முற்றிய கேழ்வரகு, சிரிக்கிற ஒரு தாய். “ராகியின் நற்குணம்” என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில், எறும்பு தன் வீட்டுக்கணக்கு எழுதிவைத்த அளவில் சில வரிகள். உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் விதிப்படி சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடவேண்டும். முன்பக்கத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தால், அது உள்ளே எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாகவேண்டும். நானும் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, போன் டார்ச்சை அடித்துப் படித்தேன். முதலில் மைதா. அடுத்து சர்க்கரை. அடுத்து பாமாயில். முன்பக்கத்தில் வயல் வயலாக விளைந்த கேழ்வரகு, பின்பக்கத்தில் ஒற்றை இலக்கச் சதவீதத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றது. எவ்வளவு அடக்கம்!

அந்தச் சர்க்கரையும் தனியாக வருவதில்லை. இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று உற்றார் உறவினரோடுதான் வரும். எல்லாரும் ஒரே பெயரில் வந்தால் பட்டியலின் தலைமாட்டில் போய் உட்காரவேண்டியிருக்கும். ஆகவே ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் அண்ணன் தம்பிகள் தனித்தனி ரேஷன் கார்டு எடுத்துக்கொண்ட மாதிரி, ஆளுக்கொரு பெயரில் பிரிந்து பணிவோடு கீழே நிற்கிறார்கள். சர்க்கரை எத்தனை கிராம் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு சர்விங்குக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். சர்விங் என்பது இரண்டு பிஸ்கட். என் மகன் இரண்டு பிஸ்கட்டோடு எழுந்து கை கழுவியதை நான் பார்த்ததில்லை. மற்றபடி கணக்கு சரிதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயம் பேசவேண்டும். ஐ.என்.எஸ். 500(ii) என்று பார்த்ததும் விஷம் என்று மிரள்கிறவர்கள் எங்கள் அடுக்ககத்தில் சிலர் உண்டு. அது பாட்டி ஆப்பத்துக்குப் போட்ட சோடா உப்பு. எண்ணைப் பார்த்து மிரளும் அளவுக்கு நான் இன்னும் படித்துவிடவில்லை. எனக்குப் புரிகிற சொல்லைப் பார்த்தால்தான் மிரட்சி. மைதா புரிகிறது, சர்க்கரை புரிகிறது.

கேழ்வரகின் மேல் கம்பெனிகளுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல வரவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் கூழாகவும் அடையாகவும் செய்து வைத்தால் பிள்ளை முகம் சுளிக்கும். பிஸ்கட்டாக்கிவிட்டால் முகச்சுளிப்பு போய்விடும். கூடவே கேழ்வரகும் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டல்லவா.

டப்பாவில் வரும் சத்துமாவுப் பானங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. வெறும் பாலைக் குடித்தால் பிள்ளை வளராது என்ற ஞானத்தை நமக்குத் தந்தவர்கள் அவற்றைத் தயாரிப்பவர்கள். உயரத்துக்கு ஒன்று, பலத்துக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று. அந்த விளம்பரங்கள் இல்லாவிட்டால் கம்பங்கூழ் குடித்து ஆறடி வளர்ந்த நம் தாத்தாக்கள், தாங்கள் எப்படி வளர்ந்தோம் என்றே தெரியாமல் போயிருப்பார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது, ஆன்லைன் கடைகள் இவற்றை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கவேண்டும். கம்பெனிகள் என்ன, சட்டத்துக்கு அடங்காதவர்களா? ஒரு பெரிய நிறுவனம் அதே மாதம் தன் பானத்தின் வகைப் பெயரிலிருந்த ஆரோக்கியத்தைத் துணிச்சலோடு கைவிட்டு, ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்’ என்று மாற்றிக்கொண்டது. இதற்காக டப்பாவுக்குள் இருந்ததில் ஒரு கரண்டியைக்கூட மாற்றவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. எங்கள் வீட்டில் கணவர் அதை இன்னும் ‘சத்து’ என்றேதான் சொல்கிறார். “பையனுக்கு சத்து போட்டியா?” போட்டேன்.

விலைவாசி ஏறிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இன்றும் ஐந்து ரூபாய்தான். பாக்கெட் மட்டும் வருஷா வருஷம் உடம்பைக் குறைத்துக்கொண்டு வருகிறது. நம்மையும் குறைக்கச் சொல்லாமல் சொல்கிறது. முன்பு பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் போன்றவற்றை இன்ன இன்ன எடையில்தான் அடைக்கவேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகளில் ஒரு அட்டவணை இருந்தது. 2021-ல் அறிவித்த திருத்தத்தில் அந்த விலங்கை உடைத்தார்கள். ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டில் போட்டால் போதும். ஆகவே இப்போது நான் செய்யவேண்டியதெல்லாம், ஒரு கையில் 37 காசு கிராமும் மறு கையில் 41 காசு கிராமும் வைத்துக்கொண்டு, டிராலிக்குள் எழுந்து நிற்கிற பிள்ளையைக் காலால் தடுத்தபடி மனக்கணக்குப் போடுவது மட்டும்தான். கணிதத்தை மறக்கவிடாத ஒரு தேசத்தில் வாழ்கிறோம்.

கடைக்கே போக முடியாத நாளில் போன் இருக்கிறது. ரசம் கொதிக்கும்போதுதான் கொத்தமல்லி இல்லை என்று தெரியும். பதினைந்து ரூபாய் கொத்தமல்லியைத் தனியாக வரவழைத்தால் டெலிவரிக் கட்டணம், ஹேண்ட்லிங் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் மழைக்கட்டணம். மனசு கேட்காமல் ஐஸ்கிரீமும் சிப்ஸும் சேர்த்து டெலிவரியை இலவசமாக்கிவிடுவேன். ரசம் ஆறிப்போயிருக்கும். ஆனால் மிச்சம் பிடித்த பெருமை இருக்கிறதே!

சமையலறைக்குள் பாக்கெட் செய்த சேவையையும் மறக்கக்கூடாது. தோசை மாவை நான் இந்த வஞ்சப்புகழ்ச்சியில் சேர்க்கவில்லை. அரிசி, உளுந்து, உப்பு என்று மூன்றே சொல்லில் முடிகிற பாக்கெட்டுக்கு நிஜமாகவே கும்பிடு போடுகிறேன். நான் சொல்வது இஞ்சி பூண்டு விழுது, பாதி வெந்த சப்பாத்தி, புளிக்காய்ச்சல், ரெண்டு நிமிஷ நூடுல்ஸ் இவற்றைப் பற்றி. பெண்களை அடுப்படியிலிருந்து விடுவித்தோம் என்று இவற்றின் விளம்பரங்கள் சொல்கின்றன. பொய் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் 2019-ல் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழித்தார்கள். 2024-ல் அது 289. பத்து நிமிடம் விடுதலை! அதே வேலையைச் செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம் 88 ஆனது. ஒன்பது நிமிடம் விடுதலை. ஐந்தாண்டில் வந்த சுதந்திரத்தை ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்ட ஆண்களின் சமத்துவ உணர்வை யார் பாராட்டுகிறார்கள்?

பாக்கெட்டின் அருள் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதுதான் வருத்தம். எங்கள் பையனுடைய பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். அவனுக்கு ‘ஷார்ட் பிரேக்’ என்று ஒன்று உண்டு, அதற்கென்று தனி டப்பா. பத்து நிமிடத்தில் தின்று முடிக்கவேண்டும், கை ஒட்டக்கூடாது, வாசனை வரக்கூடாது. அதற்குப் பாக்கெட்டை விட்டால் வழியில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பாவம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அவர்களுக்கு உப்புமாவும் கிச்சடியும் வெண்பொங்கலும், காய்கறி போட்ட சாம்பாரோடு, ஆவி பறக்கத்தான் கிடைக்கிறது. மத்தியானம் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை வேறு. ஒரு கார்ட்டூன் கிடையாது, ஒரு ஸ்டிக்கர் கிடையாது. தங்கள் தட்டில் எத்தனை வைட்டமின் இருக்கிறது என்று சொல்ல ஒரு நடிகர்கூட இல்லாமல் அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிலி நாட்டில் 2016-ல் ஒரு அநாகரிகம் நடந்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பு மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோணத்தில் ‘சர்க்கரை அதிகம்’ என்று அச்சடிக்கச் சொன்னார்கள். அந்தப் பாக்கெட்டில் கார்ட்டூனும் கூடாதாம். கவிஞன் எழுதிய பக்கத்தில் இப்படியா கரி பூசுவது? நம்மவர்கள் பண்பட்டவர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வரைவில் எச்சரிக்கை கிடையாது, நட்சத்திரம்தான். அரையில் தொடங்கி ஐந்து வரை. எவ்வளவு மோசமான தின்பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் நிச்சயம் உண்டு. எங்கள் காலத்து வாத்தியார்கள் தயங்காமல் முட்டை போட்டார்கள், அவர்களுக்கு இந்த மனிதாபிமானம் இல்லை. முன்பக்க எச்சரிக்கை வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கில், நிபுணர் குழுவின் பரிந்துரையை முடிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மூன்று மாதம் கொடுத்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது.

அவசரமே இல்லை, நிதானமாகச் செய்யட்டும். சின்னவள் இப்போதுதான் ‘அ’ எழுதப் பழகுகிறாள். அவளுக்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு வருவதற்குள் முடித்துவிட்டால், கம்பெனிகளுக்கும் ஒரு சங்கடம் இருக்காது.